நல்லா இருக்கன் எண்டு எழுதுங்க, மிஸ்

கார்த்திகை (நவம்பர்) 6, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஆஸ்பத்திரி ஆய்வுப் பிரிவின் கூரையில் புதிதாக ஓர் ஒழுக்கு. கணினிக்கு மேல் உரப்பையை விரித்துவிட்டு வேலை.

வைத்தியம் முடிந்து வீட்டுக்குப் போனவர்களில் இன்று போனில் பேசியவர்கள்:

பாரிசவாத ஆய்வு, ஒரு பக்கம் விழுந்துபோன கல்லடி ஐயா. "சட்டைத் தெறி, பொத்தான், பூட்ட ஏலுமா?" "ஏலாது. மனிசி பூட்டி விடுறா. அப்பிடியே எழுதிக்கொள்ளுங்க."

நீரிழிவுக் கால் புண், தேற்றாத்தீவு அம்மா. மகன் எடுத்தான். "ரெண்டு விரல் எடுத்தாச்சு மிஸ். பெருவிரல் இருக்கு." ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதான வயல்காரர். எடுக்கவில்லை.

குறைமாதக் குழந்தைகளின் கண். தாய் சிரித்துக்கொண்டே: "லைட் போற பக்கம் கண்ணும் போகுது மிஸ்." இன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல பதில்.

பின்னேரம் டொக்டர் கூப்பிட்டார். இதயப் பிரிவு ஆய்வுக்கு இவர்தான் பொறுப்பு. மார்கழியில் ஆய்வு மாநாடு. எல்லாப் பிரிவுகளும் அறிக்கை வாசிக்க வேண்டும். நம்முடைய அட்டவணையில் "தொடர்பில் இல்லை" என்ற நிரல் நீளமாகக் கிடக்கிறது. "ஜெயந்தி, போன் எடுக்காத ஆக்கள நேர போய்ப் பாருங்க. ஆள் செத்து மோசம் போயிருந்தா அதையும் நாங்க தெரிஞ்சிருக்கணும்."

முதல் பெயர் தர்சினி. பிள்ளை பெற்ற கையோடு இதயம் பலவீனமாகிப்போன தாய்மாரைப் பின்தொடரும் ஆய்வு. இரண்டு வருடத்துக்கு முன் மூச்செடுக்க முடியாமல் கதிரையில் வைத்துத் தூக்கிவந்தார்கள். மாத்திரைக் குளிசையால் எழும்பியவள். ஆனியிலிருந்து கிளினிக் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை.

சீனி வாங்க மறந்துவிட்டேன். வெறும் தேத்தண்ணி.

கார்த்திகை 8, புதன்

கணவர் ரவியின் ஓட்டோவில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். புதன்கிழமை அவருக்கு ஹயர் ஓட்டம் குறைவு, அதனால் வந்தார். மண்முனைப் பாலத்தில் காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. கீழே வாவி செம்மண் நிறம். ஆற்றுவாழைச் செடி கூட்டமாக மிதந்து போகிறது.

தர்சினியின் வீட்டை இரண்டு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். சுவர் எழும்பிய வீடு, பூச்சு இல்லை. யன்னல் இருக்க வேண்டிய இடங்களில் தகரம். உள்ளே தையல் மெஷின் சத்தம். தைப்பது தர்சினியின் அக்கா புஷ்பா. கிளினிக்குக்குத் துணையாக வருபவள் இவள்தான். கலியாணம் செய்யவில்லை, தைத்துத்தான் சீவியம். மடியில் தர்சினியின் பிள்ளை அபி.

"தர்சினி எங்க?"

"அவ இல்ல மிஸ்."

செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்படியே வாசலில் நின்றேன்.

"குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. ஆவணியில போனவ."

"அந்த நெஞ்சோடயா?"

"நெஞ்சு நல்லா வந்திட்டு எண்டு உங்கட டொக்டர்தானே சொன்னவர்? படத்தப் பாத்திட்டுச் சிரிச்சவராம். அண்டைக்கு வந்து என்னக் கட்டிப்பிடிச்சவ மிஸ். அக்கா நான் சுகமாகிட்டன், இனி உழைக்கலாம் எண்டு."

உண்மைதான். வைகாசியில் நானும் அந்த அறையில் இருந்தேன். டொக்டர் எக்கோ ஸ்கேன் திரையை என் பக்கமும் திருப்பிக் காட்டினார். இதயம் ஒழுங்காகச் சுருங்கி விரிந்தது. "பாருங்க, பாருங்க" என்றார். குளிசையை நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். நானும் வெளியே வந்து திருப்பிச் சொன்னேன். அவள் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

பிள்ளை பிறந்து வருத்தம், இந்த நோய், வந்ததோடு தர்சினியின் புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது பொலன்னறுவையில் வேறொருத்தியோடு.

"குளிசை கொண்டு போனவவா?"

"இருந்தத பவுடர் டின்னுக்குள்ள ஒளிச்சுக் கொண்டு போனவ. பேக்கில மருந்து கிடந்தா வருத்தக்காரி எண்டு பிடிப்பாங்க எண்டு ஏஜென்ட் சொன்னவனாம். இப்ப முடிஞ்சிருக்கும்."

அபி மடியை விட்டு இறங்கவில்லை. புஷ்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்றான். புஷ்பா என்னைப் பார்த்தாள். "பெரியம்மா எண்டு சொல்லிக் குடுக்கிறன். வாயில வருகுதில்ல."

குவைத் நம்பர் கிடைத்தது.

திரும்பும்போது ரவி: "ஆள் உயிரோட இருக்கு. நம்பரும் கிடைச்சிட்டு. உன்ட வேல முடிஞ்சுதானே?"

முடிந்ததுதான். வீட்டுக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பது என் வேலை. கேட்பது மட்டும்.

கார்த்திகை 9, வியாழன்

மழை விட்டுவிட்டு. காலையில் தர்சினிக்கு வாட்ஸ்அப் செய்தி போட்டேன். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரம் அவளே அழைத்தாள். காதுக்குள் ரகசியம் சொல்வதுபோல குரல். மேடம் நித்திரையாம்.

படிவத்தில் உள்ளபடியே கேட்டேன்.

"ஒரு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"மிஸ், இஞ்ச மூணு தட்டு வீடு. ஏறத்தானே வேணும்."

"வாங்குதா?"

"நடுவில குந்தி இருந்திட்டுத்தான் ஏறுவன்."

"படுக்கைக்கு எத்தின தலகணி?"

"படுக்கிறதில்ல. சுவரில சாஞ்சு இருந்துகொண்டுதான் நித்திர."

"கால் வீங்குதா?"

"செருப்புக் கொழுவ ஏலாது."

இதற்கெல்லாம் படிவத்தில் ஒவ்வொரு பெட்டி உண்டு. ஒவ்வொன்றாகப் புள்ளடி போட்டேன். கடைசிப் பெட்டியிலும் போட்டு முடித்ததும் அவள்:

"ஆனா நல்லா இருக்கன் எண்டு எழுதுங்க, மிஸ். அக்காக்குச் சொல்லிப்போடாதீங்க. ஏஜென்சிக்குத் தெரிஞ்சா அனுப்பிப்போடுவாங்க. யன்னலயும் கதவையும் போட்டிட்டு வந்திருவன். உங்களுக்குக் கோடி புண்ணியம்."

பிறகு, "அபி என்ன செய்றான்?"

நேற்றுப் பார்த்தேன் என்றேன். வளர்ந்திருக்கிறான் என்றேன். யாரை அம்மா என்கிறான் என்று சொல்லவில்லை.

சோற்றை அப்படியே மூடிக் கொண்டுவந்தேன்.

கார்த்திகை 10, வெள்ளி

டொக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வருத்தம் திரும்பிட்டு. அந்த இதயம் திரும்ப வீங்கி விரியத் தொடங்கிட்டு."

உடனே அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். குளிசை அங்கேயும் கிடைக்கும். மேடத்திடம் அவளே சொல்லவேண்டும். அவர் ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதித் தந்தார்: வருத்தத்தின் பெயர், மருந்துகளின் பெயர், கையொப்பம், முத்திரை. படம் பிடித்து அனுப்பினேன்.

"சேர், அக்காவிட்டச் சொல்லட்டா?"

"ஏலாது. அவவிட வருத்தத்த அவவக் கேக்காம நாம ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது. கூடப்பிறந்தவங்களுக்கும்தான். நீங்களும் கையெழுத்து வெச்சிருக்கிறீங்க."

வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வைத்த கையெழுத்து.

அவள் செய்தியைப் பார்த்திருக்கிறாள். நீலக் கோடு இரண்டும் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

கார்த்திகை 14, செவ்வாய்

ரவிக்குக் காய்ச்சல். டெங்கு இல்லையாம். பப்பாளி இலைச் சாறு வேண்டாம் என்று சண்டை. பேராதனையில் படிக்கும் மகள் போன் எடுக்கவில்லை, பரீட்சையாக இருக்கும். முகத்துவாரத்தை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடப்போகிறார்களாம். அந்தப் பக்கத்து வயல் வட்டைகள் எல்லாம் தண்ணீருக்குள். விதைத்தது அழுகும்.

தர்சினி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் வரும்போது காதில் வைத்துக் கேட்டேன்.

"மிஸ், வெளிய போகேலாது. ட்ரைவர் நல்ல ஆள், இந்தியாக்காரன். அவரிட்டத் துண்டக் காட்டினன். இஞ்சத்த டொக்டர் எழுதாம கடையில குடுக்கமாட்டாங்களாம். மேடத்திட்டக் கேக்கப் பயமா இரிக்கி. நீங்க முன்ன சொன்னதுதானே, அதால உப்பில்லாமத் தின்னுறன். தண்ணியும் குறைச்சிட்டன்."

இடையில் இரண்டு தரம் இருமல். பக்கத்தில் இருந்த பெண் யாரோ கதைக்கிற சத்தம் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கார்த்திகை 20, திங்கள்

வெயில். எல்லா வீட்டு மதிலிலும் பாயும் தலகணியும்.

எலிக்காய்ச்சல் வயல்காரருடைய போனை இன்று மனைவி எடுத்தாள். முப்பத்தோராம் நாள் முடிந்துவிட்டதாம். இறந்த திகதி, இடம், கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது. இதெல்லாம் கேட்கவேண்டும், கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில்:

"அவர் செத்ததில என்ன படிக்கிறீங்க மிஸ்?"

கோபம் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். வயலில் இறங்குகிறவர்கள் காய்ச்சல் கண்டால் எவ்வளவு சுறுக்காக ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளலாம், அடுத்தவர்களுக்கு உதவும் என்றேன். "அப்ப சரி" என்றாள். போனை வைத்தபின் கொஞ்ச நேரம் அடுத்த நம்பரை அழுத்த மனம் வரவில்லை.

தர்சினிக்கு மூன்று செய்தி. பதில் இல்லை.

கார்த்திகை 22, புதன்

காலை பத்து மணிபோல வீடியோ அழைப்பு. குளியலறைக்குள் இருந்து எடுத்திருக்கிறாள். பின்னால் வெள்ளை ஓடு, தண்ணீர் ஓடும் சத்தம். முகம் உப்பி, கண் சின்னதாகி. முதலில் அடையாளம் தெரியவில்லை.

ஒரு சொல், ஒரு மூச்சு. பிறகு ஒரு சொல்.

"மிஸ். இளைக்கிது. என்ன. குடிக்கலாம்."

"தர்சினி, மேடத்தக் கூப்பிடுங்க. இப்பவே கூப்பிடுங்க."

தலையாட்டினாள். மாட்டேன் என்று.

"அப்ப அக்காவிட்டச் சொல்லுறன்."

"வேணாம். மிஸ். உங்களக். கும்பிட்டன்."

படம் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன், அவள் எடுக்கவில்லை.

டொக்டர் கொழும்பில் கூட்டத்தில். போன் ஓஃப்.

கார்த்திகை 23, வியாழன்

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். ரவிக்கு இன்னும் உடம்பு சரியில்லை, பஸ். பாலத்திலிருந்து இறங்கும்வரை திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பு. போகவில்லை.

புஷ்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளிசை முடிந்தது, கால் வீக்கம், இருந்துகொண்டு நித்திரை, குளியலறை. மெஷின் மிதித்த காலை நிறுத்திவிட்டாள். துணி ஊசிக்குள் மாட்டியபடி.

"எனக்கு நல்லா இருக்கன் எண்டுதான் சொன்னவ. போன வெள்ளிக்கிழமையும் பாட்டுப் பாடி அனுப்பினவ, பொடியனுக்கு."

"இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி உயிருக்கு ஆபத்து, புஷ்பா."

அவள் அழவில்லை. என் கண்முன்னாலேயே வாழைச்சேனை ஏஜென்டுக்குப் போன் எடுத்தாள். அவன் கத்தியது எனக்கும் கேட்டது. "வருத்தத்த மறைச்சு அனுப்பிட்டு இப்ப என்னிட்டயா வாறீங்க?"

"அவளக் கூட்டி வந்து தா. மறுகா உன்ட கதையக் கதை" என்றாள் புஷ்பா.

நெடுநேரம் கதைத்தார்கள். கடைசியில் அவள் "ஓம்" என்று சொன்னாள், இன்னொரு தரமும் "ஓம்" என்று சொன்னாள். என்னத்துக்கு ஓம் என்று அப்போது நான் கேட்கவில்லை.

கார்த்திகை 24, வெள்ளி

காலையில் தர்சினியிடமிருந்து ஒரு வரி. "ஏன் மிஸ் சொன்னீங்க."

கேள்விக்குறிகூட இல்லை. அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை.

டொக்டர் வந்ததும் போய்ச் சொன்னேன். கோபப்பட்டார். "நீங்க சொல்லியிருக்கக் கூடாது. அவ எங்கள நம்பித்தான் வாயத் திறந்தவ." அவர் எழுந்து யன்னல் பக்கம் போய், வெளியே நோயாளர் வரிசையைப் பார்த்துக்கொண்டு, "நானா இருந்தாலும் சொல்லியிருப்பன்" என்றார். நான் என் மேசைக்கு வந்துவிட்டேன்.

பாம்புக்கடி ஆய்வுக்கு ஆறு அழைப்பு. எல்லோரும் எடுத்தார்கள்.

கார்த்திகை 30, வியாழன்

புஷ்பா போனில் அழைத்தாள். ஒரே மூச்சில் சொன்னாள். படியில் வைத்துத் தர்சினி விழுந்துவிட்டாள். மேடமும் ட்ரைவரும்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். மெஷின் பூட்டி மூச்சு. இப்போது கண் திறந்துவிட்டாள். தேறினதும் அனுப்பிவிடுவார்கள்.

"மேடம் அழுதவவாம் மிஸ். முதலே சொல்லியிருக்கலாமே எண்டு."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். பக்கத்து மேசையில் கண் ஆய்வுக்காரி யாருடனோ: "பிள்ளை பொம்மையைப் பாக்குதா, சத்தத்தைப் பாக்குதா?"

மார்கழி 12, செவ்வாய்

வந்துவிட்டாள். கட்டுநாயக்காவிலிருந்து வேனில் படுக்கவைத்து நேரே எங்கள் ஆஸ்பத்திரி விடுதிக்கு, வார்டுக்கு. போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை. மத்தியானம் தாதி சொன்னாள்: "உங்கட ஆள் வந்திருக்கு."

எக்கோ எடுத்தார்கள். டொக்டர் இந்த முறை திரையை என் பக்கம் திருப்பவில்லை. நானே எட்டிப் பார்த்தேன். வைகாசியில் பார்த்த இதயமா இது? பெருத்து, தொளதொளத்து, ஒவ்வொரு தரமும் யோசித்து யோசித்துச் சுருங்குகிறது.

"மருந்துக்கு இந்த முறையும் எழும்புமா சேர்?"

"கொஞ்சம் எழும்பும். பழைய மாதிரி வராது எண்டு நினைக்கிறன்."

மார்கழி 13, புதன்

தூறல். கடையில் ஒரு கிலோ தோடம்பழம் வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போனேன்.

தர்சினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய். கை மெலிந்து, கால் மட்டும் இன்னும் வீக்கம். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து வெளியே போய்விட்டா.

"தர்சினி."

"உயிரக் காப்பாத்திட்டீங்க எண்டு எல்லாரும் சொல்லுறாங்க. சந்தோசம் மிஸ்."

அந்தக் குரலில் சந்தோசம் எங்கேயும் இல்லை.

"நான் உங்களுக்கு மட்டுந்தான் சொன்னன். அக்காக்குச் சொல்லல்ல, மேடத்துக்குச் சொல்லல்ல. நீங்க கேட்டீங்க, உங்களுக்குச் சொன்னன். வேற ஆரும் கேக்கல்ல, அதால."

மன்னிச்சுக்கொள்ளுங்க என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. குழாயைச் சரிசெய்தாள்.

"என்ட பேர வெட்டிருங்க. இந்த ஆய்வில இருந்து. விரும்பின நேரம் விலகலாம் எண்டு முதல் நாள் வாசிச்சுக் காட்டினீங்க."

"ஓம். விலகலாம். வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது. கிளினிக்குக்கு வழமபோல வரணும்."

"வருவன். நீங்க மட்டும் எனக்குப் போன் எடுக்காதீங்க."

தோடம்பழத்தைக் கட்டிலருகு லொக்கருக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன். வெளியே புஷ்பா அபியோடு நின்றாள். உள்ளே பிள்ளைகளை விடமாட்டார்கள்.

மார்கழி 14, வியாழன்

விலகல் படிவம். காரணம் எழுத வேண்டிய கட்டாயமில்லை. வெறுமையாக விட்டேன்.

டொக்டர் பார்த்தார். விதிப்படி, விலகும் நாள்வரை சேர்த்த தரவுகளை நாம் வைத்துக்கொள்ளலாம். மாநாட்டில் காட்ட இருந்த படங்களில் மிகத் தெளிவானது தர்சினியின் வைகாசி எக்கோ. பெயர் இல்லை, எழுத்தும் இலக்கமும்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"வெச்சிருக்கலாம் சேர்" என்று நானே சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "வேணாம். எடுத்திடுவம்." அழித்தார்.

மார்கழி 16, சனி

மாநாடு. சேலை கட்டி, மழையில் கரை நனைந்து. மண்டபம் நிறைய ஆட்கள். வாசலில் வடையும் நெஸ்கபேயும். சுவர் நீளத்துக்குச் சுவரொட்டிகள். நெல் வயலும் எலிக்காய்ச்சலும். பாம்புக்கடிக்குப் பின் சிறுநீரகம். பாரிசவாதக் கைக்குப் பயிற்சி. குறைமாதக் கண். கால் புண். கோடுகள், கட்டங்கள், நிறங்கள். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். கல்லடி ஐயாவின் சட்டைத் தெறி ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் முடித்த அந்த மனைவி சொன்ன பதில் ஒரு கோட்டின் நுனியில். எனக்கு மட்டும் தெரியும். ஒரு நல்ல புள்ளியும் உண்டு: லைட்டுக்குப் பின்னால் போன அந்தக் கண்.

இதெல்லாம் வீண் என்று எழுத வரவில்லை. வீண் இல்லை. கால் புண் ஆய்வு தொடங்கியபின் தேற்றாத்தீவுப் பக்கம் புண்ணைச் சீக்கிரம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பார்த்திருக்கிறேன்.

டொக்டர் நன்றாகப் பேசினார். கேள்வி நேரத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியர்: "இடையில் விலகியவர்கள் உண்டா?"

"ஒருவர்."

"காரணம்?"

டொக்டர் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்க்கவில்லை. "தனிப்பட்ட காரணம்."

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

தை (ஜனவரி) 9, செவ்வாய்

மேகம், மழை இல்லை. பொங்கலுக்குப் பானை விற்கிறார்கள் சந்தியில்.

கிளினிக் நாள். வரிசையில் தர்சினி. நடந்து வந்திருக்கிறாள், மெல்ல. மூக்கில் குழாய் இல்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை. விலகியவரை ஆய்வுக்காரர் அணுகக்கூடாது.

தண்ணீர்க் குழாயடியில் புஷ்பா பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், உங்களிட்டச் சொல்லாமப் போக மனம் வரல்ல. நான் போறன்."

"எங்க?"

"அங்கதான். அதே மேடத்திட்ட. அண்டைக்கு நீங்க இருக்கக்குள்ள ஏஜென்ட் கேட்டவன்தானே, ஒப்பந்தம் முடியாமக் கூட்டி வந்தா வேற ஆள் தரணும் எண்டு. ஓம் எண்டு சொன்னன். அவள் உசிரோட வரணும் எண்டு இருந்திச்சு, வேற என்ன சொல்ல?"

அந்த இரண்டு "ஓம்".

"மெடிக்கல் பாஸ். என்ட நெஞ்சு நல்ல உரமாம்." சிரித்தாள். "ஒரே வயித்தில பிறந்த ஆக்கள்."

"அபி?"

"அம்மாக்காரி இருக்கா தானே." சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

பாரம் தூக்கக்கூடாது, குனிந்து எழும்பும் வேலை கூடாது, களைப்பு வரும் முன்னே உட்கார்ந்துவிட வேண்டும். தர்சினிக்கு டொக்டர் சொன்ன அறிவுரை இது. அபிக்கு இரண்டு வயது. எந்நேரமும் தூக்கு என்று கை நீட்டும் வயது.

ரவியிடம் சொன்னேன். "நீ சொல்லாம விட்டிருந்தா அவ அங்கயே முடிஞ்சிருப்பா" என்றார். தெரியும்.

தை 25, வியாழன்

புஷ்பா இன்று விடிய வெளிக்கிட்டாள். மத்தியானம் விமான நிலையத்திலிருந்து குரல் செய்தி. "மிஸ், போறன். பொடியன் நித்திரையில இருக்கக்குள்ள வந்திட்டன். முடிஞ்சா ஒருக்கா எட்டிப் பாருங்க. ஆய்வுக்கெண்டு இல்ல."

பின்னால் அறிவிப்புச் சத்தம், சிங்களத்தில், பிறகு தமிழில்.

பாரிசவாதக் கல்லடி ஐயா முதல் தெறி பூட்டிவிட்டாராம். மனைவி சொல்லச் சொன்னா. எழுதிக்கொண்டேன்.

தை 28, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து நேரே கொக்கட்டிச்சோலை. ரவி கூட்டிப்போனார். வானம் கழுவிவிட்டதுபோல. பயிர் தப்பிய வட்டைகள் மட்டும் பச்சை.

வேலிப் படலையில் அபி. தனியாக நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டோவைக் கண்டதும் ஓடி வந்தான், உள்ளே எட்டிப் பார்த்தான், நாங்கள் என்று கண்டதும் திரும்பிவிட்டான்.

தர்சினி வாசல் கதிரையில். என்னைப் பார்த்து எழும்பப் பார்த்தாள், வேண்டாம் என்றேன். மெஷின் மேல் சீலை போர்த்தியிருந்தது. மூலையில் சமைத்த சோறு ஒரு கோப்பையில், தொடாமல். பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையில் வந்து தண்ணீர் அள்ளி வைத்துவிட்டுப் போகிறாளாம்.

"மூணு நாளாப் படலையில நிக்கிறான். நான் கூப்பிட்டா வாறானில்ல."

நான் ஆய்வுக்காரியாக வரவில்லை, சும்மா வந்தேன் என்றேன். தெரியும் என்றாள். குளிசை குடிக்கிறீங்களா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவளே முந்தானையில் முடிந்திருந்த குளிசை அட்டையை எடுத்துக் காட்டினாள். காலியான பக்கத்தை மேலே பிடித்து.

அப்போது அபி சேற்றில் சறுக்கி விழுந்தான். வீரிட்டு அழுகை. "அம்மா" என்று. றோட்டைப் பார்த்துத்தான் அழுதான்.

தர்சினி எழும்பிப் போனாள். நான் எழும்பும் முன்னே போய்விட்டாள். குனிந்து, அவன் கக்கத்தில் கை கொடுத்து, அரைவாசி தூக்கினாள். அதற்கு மேல் முடியவில்லை. படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். உதடு நிறம் மாறியது. பிள்ளை நழுவி மறுபடி சேற்றில்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். முகத்தில் அறைந்தான், சேலை எல்லாம் சேறு, உதைத்தான். அவளிடம் கொடுக்கப் போனேன்.

அவள் கையை நீட்டவில்லை. மூச்சு வரும்வரை நின்றாள். பிறகு ஓர் அடி கிட்ட வந்தாள்.

"அப்பிடியே வெச்சிருங்க, மிஸ். நான் கிட்ட இருந்து பாக்கிறன்."